தண்ணி பட்டா கரண்ட் கடத்துற கறுப்பு நிறமி

நம்ம முடிக்கும் தோலுக்கும் கருவிழிக்கும் நிறம் குடுக்குற மெலனின் இருக்குல்ல, அத வச்சே உடம்புக்குள்ள வைக்கிற எலக்ட்ரானிக் கருவிங்கள செய்யலாமான்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி நடக்குது. ஏன் இவ்ளோ மெனக்கெடுறாங்கன்னா, நரம்புல சிக்னல் ஓடுறது சோடியம், பொட்டாசியம் மாதிரி அயனிங்களால (மின்னூட்டம் உள்ள அணுக்களால), கம்பியில ஓடுறதோ எலக்ட்ரான். உலோகத்துக்கு அயனியோட பாஷை தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல நின்னு பேசுற ஒரு பொருள் வேணும்.

1974லயே மெக்கின்னஸ், காரி, ப்ராக்டர்னு மூணு பேர் மெலனின்ல வோல்டேஜ ஏத்திட்டே போனா ஒரு அளவுக்கு மேல அதோட மின்தடை சட்டுனு விழுந்துடுதுன்னு காட்டுனாங்க, அதாவது ஸ்விட்ச் மாதிரி வேலை செஞ்சது. கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் பத்தின நோபல் பரிசுக்கு வழி போட்ட 1977 ஆராய்ச்சிக்கே இது மூணு வருஷம் முந்தி! அதனால மெலனின் சிலிக்கான் மாதிரி ஒரு செமிகண்டக்டர்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க.

ஆனா ஒண்ணு இடிச்சது. காஞ்ச மெலனின் கிட்டத்தட்ட கரண்டே கடத்தாது, ஈரம் ஏற ஏற பல மடங்கு நல்லா கடத்தும். இதுக்கு விளக்கம் 2012ல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல பால் மெரிடித் குழுகிட்டேருந்து வந்துச்சு. மெலனினுக்குள்ள ரெண்டு ஹைட்ரஜன கையில வச்சிருக்கிற ஹைட்ரோகுயினோனும் அத இழந்துட்டு நிக்கிற குயினோனும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். தண்ணி உள்ள வந்ததும் ரெண்டும் எலக்ட்ரான பங்கு போட்டுக்கிட்டு செமிகுயினோனா மாறிடும், மிச்சமாகுற புரோட்டான, அதாவது ஹைட்ரஜன் அயனிய, தண்ணி வாங்கிக்கும், அந்தப் புரோட்டான் ஒரு தண்ணி மூலக்கூறுலேருந்து அடுத்ததுக்கு கை மாறிக் கை மாறிப் போகும். ஆக ஓடுற கரண்ட்ல பெரும்பங்கு இந்த அயனி ஓட்டம்தான். சிலிக்கான் சிப்புக்கு ஈரம்னா எமன், உடம்புக்குள்ளயோ எங்க பாத்தாலும் ஈரம், அதனாலதான் இந்தக் குணம் எனக்கு இவ்ளோ முக்கியமா படுது.

கைக்கு சுலபமா கிடைக்கிற மெலனின்னா கணவாயோட மைதான். மையக் கழுவி எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தா குட்டிக் குட்டி உருண்டைங்க, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 100லேருந்து 200 நானோமீட்டர்தான். சிக்கல் என்னன்னா எதுலயும் லேசுல கரையாது, அதனால சீரான மெல்லிசு படலமா பூசுறது பெரும்பாடு.

2019ல இத்தாலில மெலனின் படலத்த வெற்றிடத்துல 600 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி, சென்டிமீட்டருக்கு 300 சீமென்ஸுக்கு மேல கடத்துத்திறன் கொண்டு வந்தாங்க. பெரிய சாதனைதான், இருந்தாலும் என் மனசு போறது நனைஞ்ச மெலனின் பக்கம்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல கிறிஸ்டோபர் பெட்டிங்கர் குழு 2013ல கணவாய் மை மெலனின எலக்ட்ரோடா வச்சு, உப்புத்தண்ணிலயே வேலை செய்யுற சோடியம் அயனி பேட்டரி செஞ்சாங்க. மாத்திரை மாதிரி முழுங்குற கருவிங்களுக்கு இது உதவும்னு எண்ணம். 600 மில்லிகிராம் மெலனின் இருந்தா 5 மில்லிவாட் கருவி ஒண்ண 18 மணி நேரம் வரைக்கும் ஓட்டலாம்னு 2016ல அவங்க சொன்னாங்க.