ஏரிக்கு மூச்சு முட்டும் நேரம்

எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டிய பள்ளம். இப்போது மழை வெள்ளத்தைப் பிடித்து வைக்கும் குளம். சுற்றிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஏழு மணிக்கு மேல்தான் வெளுக்கும், அதற்குள் இரண்டு சுற்று முடித்துவிடுவது என் வழக்கம். போன ஆண்டு ஒரு நாள், அந்த அரையிருட்டில், தண்ணீரின் மேல் தூறல் விழுவதுபோல் சின்னச் சின்ன வளையங்கள் தெரிந்தன. ஆனால் தூறல் இல்லை. குனிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான திலாப்பியா மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

தினமும் அங்கே நடக்க வரும் பெரியவர் ஒருவர், முன்பு மீன் குளம் வைத்திருந்தவர், பக்கத்தில் வந்து நின்றார். “மூச்சு முட்டுது தம்பி. நேத்து சாயங்காலம் பெரிய மழை பெஞ்சுதில்ல, அதான்” என்றார். ஒன்பது மணிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பல மீன்கள் கீழே இறங்கியிருந்தன. மற்றவை கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

அதே வாரம் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் என் சித்தப்பா மகன் ஒரு காணொளி அனுப்பினான். கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை, ஆள் உயரத்துக்கு. “அண்ணே, இதெல்லாம் பெங்களூர் ஏரிங்க அனுப்புறது” என்று எழுதியிருந்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு எனக்கு நிம்மதியில்லை. மூச்சு முட்டும் மீனும் ஆள் உயர நுரையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். அந்த நோய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஏரியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

முதலில் மூச்சுக் கணக்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. தண்ணீரில் கரைந்திருப்பதோ மிகமிகக் கொஞ்சம். அதிலும் தண்ணீர் சூடாக ஆக, கரையும் அளவு குறையும். 10 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். நம் ஊர்க் குட்டைகளைப் போல் 30 டிகிரி என்றால் ஏழரை மில்லிகிராம்தான். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தவிக்கத் தொடங்கும். ஆக, நம் ஏரிகள் பிறவியிலேயே சிறிய சேமிப்போடு வாழ்பவை. குளிர்நாட்டு ஏரி தாங்கும் அடியை இவை தாங்காது.

இந்தச் சேமிப்பைப் பகலில் நிரப்புபவை பாசிகள். பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்தில் மத்தியானம் அளந்து பாருங்கள், பிராணவாயு தேவைக்கு மேல் இருக்கும். பொழுது சாய்ந்ததும் கதை திரும்பும். வெளிச்சம் இல்லாமல் பாசியால் பிராணவாயு தயாரிக்க முடியாது. ஆனால் பாசியும் உயிர்தானே, இரவெல்லாம் அதுவும் சுவாசிக்கும். மீன், புழு, சேற்றில் உள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே பானையிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன்னால் பானை அடி தட்டும். அதனால்தான் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் மேலே வருகின்றன. காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்த விரால் தப்பித்துவிடும். அந்த வித்தை தெரியாத மீனுக்கு வேறு வழியில்லை.

சரி, முந்தின நாள் மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மழை பெய்தால் தண்ணீர் புதுசாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஈயக் குட்டைகள் ஆழமானவை, கரை செங்குத்தானது. வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகும், அடித் தண்ணீர் கனமாகக் கீழேயே கிடக்கும். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போல் ஒன்றோடொன்று சேராமல் வாரக்கணக்கில் இருக்கும். அடியில் வெளிச்சம் இல்லை, பாசி இல்லை, மேலிருந்து விழும் குப்பையை நுண்ணுயிர்கள் தின்று தின்று அங்கே பிராணவாயு தீர்ந்துபோகும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். அப்படிப்பட்ட ஒரு நாளில் கோலாலம்பூரின் சாயங்கால இடிமழை வந்தால், குளிர்ந்த கனமான நீர் கீழே இறங்க, காற்று மேலிருந்து கலக்க, அடித் தண்ணீர் புரண்டு மேலே வருகிறது. லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில், பல நாள் தேங்கிய அழுக்கும் அதே மழையில் அடித்துக்கொண்டு வந்து சேர்கிறது. அன்று இரவு மீன்களுக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே பாசி அளவோடு இருந்தால் ஏரி பிழைக்கும். பாசியின் அளவை எது தீர்மானிக்கிறது? இதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 226 என்று எண்ணிட்ட ஏரியைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பக்கம் அந்த இரண்டோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சையாக மாறியது, மற்ற பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். கரிமத்தைப் பாசி காற்றிலிருந்து தேடிக்கொள்ளும், நைட்ரஜனையும் சில வகைப் பாசிகள் அப்படியே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை, பெரும்பாலும் தண்ணீரோடுதான் வர வேண்டும். ஒரு கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் போதும், நூறு கிராமுக்கு மேல் பாசி வளரும், அதுவும் காய்ந்த எடையில். நம் கழிவு, துணி சோப்பு, தோட்டத்து உரம், சாப்பாட்டுக் கடைப் பின்புறம் தட்டு கழுவும் தண்ணீர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இங்கேதான் பெங்களூரை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நகரத்துக்குள் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1537-இல் கெம்பே கவுடா ஊரை அமைத்தபோதும் அதற்குப் பின்னும் மழைநீரை மறித்துத்தான் மக்கள் பிழைத்தார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இணைக்கும் வாய்க்காலுக்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர். நம் பாட்டன் பூட்டன் விட்டுவந்த தமிழ்நாட்டு ஊர்களிலும் இதே சங்கிலிதான்: வரத்துக்கால், கரை, மதகு, கலிங்கல்.

இந்த ஏரிகள் ஆண்டு முழுக்க நிரம்பியிருக்கவில்லை. கோடையில் பல ஏரிகள் வற்றும். அந்த வறண்ட தரையில் ஆடு மாடு மேயும். விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை அள்ளிப்போய் வயலில் போடுவார்கள். தூர்வாருவது ஆழத்துக்காக என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். அந்த வண்டலோடு வெளியேறியது பாஸ்பரஸ். ஏரியில் படிந்ததை வயலுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. பாஸ்பரஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது.

நகரம் வளர்ந்தபோது சில ஏரிகள் காணாமலே போயின. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். மிச்சமிருந்தவற்றின் உடம்பு வேறு விதமாக மாறியது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரித் தண்ணீரை மேடேற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பயன்படுத்திய தண்ணீர் பள்ளம் நோக்கித்தானே போகும்? ராஜகாலுவே சாக்கடையாயிற்று. வற்றி வற்றி நிரம்பிய ஏரி, வற்றாத கழிவுநீர்த் தொட்டியாயிற்று. வண்டல் அள்ள ஆளும் இல்லை, அள்ளும்படி ஏரி காயவும் இல்லை.

சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரிக்கு நேர்ந்தது இதுதான். 2015-இல் அதன் நுரை சாலைக்குப் பறந்து வந்தது. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏரியிலேயே தீப்பிடித்தது. நுரை எப்படி வருகிறது? சோப்பு மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை தண்ணீரை விட்டு ஓடும். அதனால் காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வரிசைகட்டி நின்று குமிழியின் தோலாகிவிடும். கலிங்கலில் தண்ணீர் விழும்போது காற்று கலக்கிறது, நுரை பொங்குகிறது. ஆனால் மழைக்காலத்தில்தான் அதிகம் பொங்குகிறதே, மழை சோப்பை நீர்த்துவிட வேண்டாமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். மழையில்லாத நாட்களில் சோப்பின் ஒரு பகுதி சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. பெருமழை சேற்றைக் கலக்கும்போது சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே நாளில் மேலே வருகிறது. சேற்றுத் துகளும் பாக்டீரியாவும் நுரையை உடையாமல் தாங்குகின்றன. பிறகு வர்த்தூர் ஏரி, தென்பெண்ணை, கெலவரப்பள்ளி. என் தம்பி எடுத்த காணொளி.

சேறு எதையும் மறப்பதில்லை. பாஸ்பரஸும் அப்படித்தான். பிராணவாயு இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிராணவாயு தீர்ந்ததும் இரும்பின் தன்மை மாறி, பிடி தளர்ந்து, பாஸ்பரஸ் தண்ணீருக்குள் திரும்பிவிடும். பாசி பெருகினால் பிராணவாயு தீரும், பிராணவாயு தீர்ந்தால் பாசிக்கு மேலும் தீனி. கழிவுநீரை இன்று நிறுத்தினாலும் ஏரி பல ஆண்டுகள் பச்சையாகவே இருக்கக்கூடும். மேலே படர்ந்த ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து அள்ளிவிட்டு, வாய்க்காலை அப்படியே விட்டால், பணம் போனதுதான் மிச்சம்.

அப்படியானால் எங்கே கைவைப்பது? என் எண்ணம் ஒன்றுதான்: ஏரியின் விதி ஏரிக்குள் எழுதப்படுவதில்லை, அதன் வாயில் எழுதப்படுகிறது. பெங்களூரின் ஜக்கூர் ஏரி இதற்கு நல்ல சாட்சி. அங்கே கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்புக்கு, அதற்குப் பிறகுதான் ஏரிக்கு. நம் பக்கத்தில் மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா. முன்பு நம்மவர்கள் ரப்பர் மரத்தில் பால் எடுத்த பிராங் புசார் தோட்டம் இருந்த மண் அது. 1990-களின் இறுதியில் சுமார் 400 ஹெக்டர் ஏரி ஒன்றை உருவாக்கியபோது, அதற்கு மேலே 24 சதுப்புப் பாத்திகளை அமைத்தார்கள். ஆற்று நீர் பாத்தி பாத்தியாக இறங்கி வடிந்து வருகிறது.

கோரை என்ன செய்கிறது தெரியுமா? தண்டின் வழியாகக் காற்றை வேருக்கு அனுப்புகிறது. வேரைச் சுற்றி மெல்லிய உறைபோல் பிராணவாயு கசிகிறது. அந்த உறையில் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு விரற்கடை தள்ளி, பிராணவாயு இல்லாத சேற்றில், இன்னொரு வகை அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அப்படிப் பறந்துபோகும் வழி இல்லை. அது வண்டலாகப் படியும், செடியில் ஏறும். செடியை அறுத்து, வண்டலை அள்ளி வெளியே கொண்டுபோனால்தான் கணக்குத் தீரும். அந்தக் காலத்து விவசாயியின் வண்டி இல்லாத குறையை யாராவது தீர்க்க வேண்டும்.

கரையைச் செங்குத்தாகக் கட்டி, சுற்றிலும் கல் பதித்து, ஏரியைக் கிண்ணமாக்கும் அழகுவேலை எனக்குப் பிடிப்பதில்லை. சரிவான ஆழமற்ற கரையில்தான் கோரை வளரும், கொக்கு நிற்கும், மீன்குஞ்சு ஒளியும். அதேபோல் மீனுக்கு ரொட்டி போடுவதையும் நிறுத்திவிட்டேன். மீன் தின்றாலும் தின்னாவிட்டாலும் அது பாசிக்கான உரம்தான். வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட இக்கான் பண்டாராயாவை, அதாவது கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீனை, குளத்தில் விடுகிறார்கள், சுத்தம் செய்யுமென்று நம்பி. அந்த மீன் கரையில் வளை தோண்டி மண்ணைச் சரிக்கும், அடிச்சேற்றைக் கிளறும். பெங்களூரில் விநாயகர் சிலைகளைக் கரைக்க ஏரியோரம் கல்யாணி என்று தனித்தொட்டி கட்டியிருக்கிறார்கள். வண்ணப்பூச்சு ஏரிக்குள் போகாது. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது நடக்கப் போகும்போது கையில் ஒரு வட்டு எடுத்துப் போகிறேன். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலிலிருந்து கடலுக்குள் வட்டை இறக்கித் தெளிவைச் சோதித்த அதே முறை. என்னுடையது ஐஸ்கிரீம் டப்பா மூடி. நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, நடுவில் கயிறு, அடியில் கல். கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றைப் பிடித்து அளந்தால் தெளிவு தெரிந்துவிடும். பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். எங்கள் குட்டையில், தானாக முளைத்த கோரைப் பக்கம் வட்டு ஒரு முழத்துக்குத் தெரிகிறது. லோங்காங் வந்து விழும் வாயில் ஒரு சாணுக்குள் மறைந்துவிடுகிறது. போன வாரம் மழை விட்டதும் நாங்கள் இருவரும் குட்டையைச் சுற்றவில்லை. அந்த லோங்காங் ஓரமாகவே மேட்டை நோக்கி நடந்தோம். மூன்றாவது வளைவில், ஒரு கடையின் பின்புறக் குழாயிலிருந்து, சோப்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.