பெட்டிக்குள்ளேயே முதுமையடையும் ஷூ

முதல் மாதச் சம்பளத்திலோ திருமணத்தை ஒட்டியோ விலை பார்க்காமல் வாங்கிய ஒரு ஜோடி ஷூவை, அடிக்கடி போட்டால் தேய்ந்துவிடும் என்று பெட்டியோடு பரணில் ஏற்றி வைப்பது மதுரைப் பக்கத்து வீடுகளில் பரவலாக உள்ள வழக்கம். நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒரு விசேஷத்துக்காக அதை இறக்கித் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பினால், பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் ரோட்டின் பாதியைக் கடப்பதற்குள் குதிகால் பக்கம் புட்டாக உதிர்ந்து சாலையில் கொட்டத் தொடங்குகிறது. மேல்பாகத்தின் பளபளப்பு சற்றும் குறையவில்லை. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. சோல் மட்டும் போய்விட்டது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். பெரும்பாலும் அவர்மேல் குற்றமில்லை. யாரும் போட்டு நடக்காமலேயே, பெட்டிக்குள் இருந்தபடியே, ஒரு வேதிவினை அந்த சோலை ஆண்டுக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்னீக்கரோ, விளையாட்டு ஷூவோ, மலையேறும் பூட்ஸோ, இன்றைய காலணிகள் பெரும்பாலானவற்றில் மூன்று பகுதிகள் உண்டு: பாதத்தை மூடும் மேல்பாகம், தரையைத் தொடும் வெளி சோல், இரண்டுக்கும் நடுவே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் நடு சோல். மேல்பாகம் தோலாகவோ துணியாகவோ இருக்கும்; அது பல ஆண்டுகள் தாங்கும். வெளி சோல் பெரும்பாலும் கந்தகம் சேர்த்துச் சூடேற்றிய ரப்பர். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்து, 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வல்கனைசேஷன் முறையில், கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால் அது வெயிலில் இளகுவதும் குளிரில் விறைப்பதும் நின்றுபோனது. கான்வாஸ் துணியில் ரப்பர் சோல் ஒட்டிய பழைய பாணி ஷூக்கள் பல ஆண்டுகள் கழித்தும் போட்டு நடக்கும் நிலையில் இருப்பதற்கு இதுவே காரணம். காலப்போக்கில் அவற்றின் ரப்பர் மஞ்சளாகும், சற்று இறுகும்; அவ்வளவுதான்.

சிக்கல் நடு சோலில் இருக்கிறது. இது இரண்டு வகை நுரைகளில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். கடைக்காரர்கள் ஈவிஏ என்று சொல்லும் எத்திலீன் வினைல் அசிட்டேட் ஒன்று. பியூ என்று சொல்லும் பாலியூரித்தேன் மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டையும் எளிதில் பிரித்தறிய முடியாது. ஆனால் அவை முதுமையடையும் விதம் முற்றிலும் வேறு.

ஈவிஏ நுரை 1970களின் நடுப்பகுதியில் ஓட்டக்காலணிகளுக்குள் வந்தது. மூடிய நுண்ணறைகள் நிறைந்த, மிகவும் இலேசான பொருள் அது. தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் ஓடுகிற 70 கிலோ எடையுள்ள ஒருவரின் பாதம் தரையில் படும்போதெல்லாம் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அதன்மீது இறங்குகிறது; ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 400 முதல் 500 முறை இப்படித் தரையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் நுண்ணறைகளின் சுவர்கள் வளைந்து, உள்ளே இருக்கும் வாயு அழுந்தி, பிறகு பழைய வடிவுக்கு மீள்கின்றன. மீண்டும் மீண்டும் வளைந்த சுவர்கள் நாளடைவில் மடிந்தே நின்றுவிடுகின்றன. நுரை தட்டையாகிறது, இறுகுகிறது. ஓட்டக்காலணியை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது இதனால்தான். ஆக, ஈவிஏ சோலைத் தீர்ப்பது உழைப்பு. அதன் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பு கார்பனோடு கார்பன் இணைந்தது. நீரால் உடைக்கக்கூடிய அசிட்டேட் பகுதி பக்கக் கிளையாகத் தொங்குவதால், அது உடைந்தாலும் சங்கிலி அறுவதில்லை.

பாலியூரித்தேனின் கதை வேறு. ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937-இல் உருவாக்கிய பொருள் இது. ஐசோசயனேட், பாலியால் என்னும் இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் பொங்கி உறைகிறது. கலவையில் சிறிதளவு நீர் சேர்த்தால் அது ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். அந்த வாயுவே நுரையின் குமிழிகளை உண்டாக்குகிறது. ஈவிஏவைவிடக் கனமானது என்றாலும், அழுந்திய வடிவிலேயே தங்கிவிடாமல் நீண்ட நாள் மீண்டு வரும் தன்மை இதற்கு உண்டு. பூட்ஸ்களிலும், கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தொழிலாளர்கள் அணியும் பாதுகாப்புக் காலணிகளிலும், அலுவலக ஷூக்கள் பலவற்றிலும் இதைப் பயன்படுத்துவது அதற்காகத்தான்.

பாலியாலில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என்று இரண்டு உண்டு. தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்குவதால் காலணித் தொழிலில் பாலியெஸ்டர் வகைக்கே செல்வாக்கு அதிகம். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து, இடையில் உருவாகும் நீரை வெளியேற்றித்தான் இந்த வகையின் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை உண்டாக்குகிறார்கள். காற்றின் ஈரம் நுரைக்குள் ஊடுருவும்போது இதே வினை பின்னோக்கி நடக்கிறது: நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்பை வெட்டி, ஒரு முனையில் அமிலத்தையும் மறுமுனையில் ஆல்கஹாலையும் விட்டுச் செல்கிறது. நீராற்பகுப்பு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இங்கே எஸ்டர் பிணைப்பு பக்கக் கிளையில் இல்லை, சங்கிலியின் நடுவிலேயே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் சங்கிலி இரண்டாகிறது.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. வெட்டுப்பட்ட முனையில் தோன்றிய அமிலம், அடுத்த வெட்டை விரைவுபடுத்தும் வினையூக்கியாகிறது. அமிலம் கூடக்கூட வேகமும் கூடுகிறது. முதல் சில ஆண்டுகள் சோலில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு சில மாதங்களில் முழுவதும் நைந்துபோவது இதனால்தான். 1988, 1989 ஆண்டுகளில் வெளிவந்த, நைக்கி நிறுவனத்தின் கூடைப்பந்து ஷூவான ஏர் ஜோர்டனின் மூன்றாம், நான்காம் மாடல்களை ஒருமுறைகூட அணியாமல் பாதுகாத்தவர்கள் உலகெங்கும் உண்டு. அவற்றின் பாலியூரித்தேன் நடு சோல்கள் பெட்டியிலேயே நொறுங்கியதால், பழைய மேல்பாகத்துக்குப் புதிய சோலை மாற்றிப் பொருத்துவது அந்தச் சேகரிப்பாளர்களிடையே ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்த வினை பாய்ந்து செல்லும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் மதுரையின் பகல் வெப்பம் 40 டிகிரியை நெருங்குகிறது. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் அது இரவிலும் எளிதில் தணிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஈரத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறது. அட்டைப் பெட்டி இரண்டையும் தடுக்காது. பாலிதீன் பையில் இறுகக் கட்டி வைப்பதும் உதவாது. வியர்வை ஈரத்தோடு கட்டினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சி நிறைந்தபின் வெறும் பொட்டலம்தான். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த, காற்றோட்டமுள்ள கீழ்த்தட்டில் வைத்து, அவ்வப்போது போட்டுக்கொள்வதே என் பார்வையில் சரியான வழி. தினமும் அணிகிற ஷூவிலும் இதே வினை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நைந்துபோகும் கட்டம் வருவதற்குள் அது தேய்ந்து தன் வேலையை முடித்துவிடும்.

நீண்ட நாள் கிடந்த ஷூவை வெளியே போட்டுச் செல்லுமுன் பெருவிரலால் நடு சோலை அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் பதிந்த தடம் மறையாமல் நின்றாலோ, பிசுபிசுப்பு ஒட்டினாலோ, கால் மடங்கும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடினாலோ, அந்த சோல் முடிந்துவிட்டது. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து சொல்யூஷன் வைத்து ஒட்டினாலும் நிற்காது. பசை நன்றாகவே பிடிக்கும், பசை பிடித்திருக்கும் பரப்புதான் பொடியாகப் பெயர்ந்து வரும். தைத்தால் நூலே நுரையை அறுத்துவிடும். மேல்பாகம் நல்ல தோலாக இருந்தால், பழைய நுரையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோலை மாற்றிப் போடச் சொல்லலாம். பூட்ஸுக்கு இது செலவுக்குத் தகுந்த வேலை. சதுரகிரிக்கோ யானைமலைக்கோ பழைய பூட்ஸோடு கிளம்புகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிட வேண்டும். பாதி மலையில் சோல் கழன்றால் கால் பிசகுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மழையில் நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலில் காயப்போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சோலை ஒட்டும் பசைகள் பலவும் 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இளகக்கூடியவை. கோடை நண்பகலில் தளத்தின் சூடு அந்த அளவை எட்டிவிடும். ஈவிஏ நுரையும் அந்தச் சூட்டில் சுருங்கும். உள் அட்டையை உருவி எடுத்துவிட்டு, கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து மின்விசிறிக்கு அடியில் வைத்தால் ஓரிரவில் காய்ந்துவிடும்.

தள்ளுபடியில் வாங்கும்போது பெட்டியின் விலைச்சீட்டில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். நடு சோல் எந்த நுரையால் ஆனது என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. அதையும் அச்சிட வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்கத்தான் வேண்டும். அதுவரை கையில் தூக்கிப் பார்ப்பதே வழி: இலேசாக இருந்தால் ஈவிஏவாக இருக்க வாய்ப்பு அதிகம், அது பழைய சரக்காக இருந்தாலும் பெரிய கேடில்லை. கனமான பியூ சோல் மூன்று ஆண்டுகளுக்கு முன் தயாரானது என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.