வெளிநாட்டவர் என்றால் மட்டும் கடவுச்சீட்டு: ஜாவாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நிலாவெளி விடுதி ஒன்றுக்கு ஜாவாவில் முன்பதிவுச் செயலி எழுதுகிறாராம். வருபவர் இலங்கையர் என்றால் அடையாள அட்டை இலக்கம் வேண்டும், வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும். இரண்டு ஃபீல்டுக்கும் 'வெறுமையாக இருக்கக் கூடாது' என்று சொல்லும் @நொட்நல் போட்டால் ஒருவராலும் அறை பதிய முடியவில்லை.

நொட்நல், எழுத்துகளின் வடிவத்தைச் சோதிக்கும் பேட்டர்ன் எல்லாம் 2009இல் வந்த பீன் வேலிடேஷன் என்ற ஜாவாத் தரநிலை தந்தவை, தெரிந்த கதைதான். ஆனால் மந்திரித்த நூலைக் கட்டிவிட்டால் காவல் கிடைத்துவிடும் என்பதுபோல நம் ஆட்கள் அவற்றைக் கட்டிவைக்கிறார்கள். @ போட்டு எழுதும் இந்த அனொட்டேஷன் வெறும் குறிப்பு. செயலி ஓடும்போது வேலிடேட்டர் என்ற சோதிக்கும் நிரலை யாராவது அழைக்க வேண்டும். அது ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளமைப்பைப் பார்க்கும் ஜாவா வசதி) வழியாகக் கிளாஸைத் துருவி, குறிப்பை வாசித்து, அந்த ஃபீல்டின் மதிப்பை மட்டும் எடுத்துச் சோதிக்கும். சிக்கல் அந்த 'மட்டும்'தான். கடவுச்சீட்டு ஃபீல்டைச் சோதிக்கும் நிரலுக்குப் பக்கத்தில் 'நாடு' என்றொரு ஃபீல்ட் இருப்பதே தெரியாது.

சரி, குறிப்பைக் கிளாஸின் தலையில் வைத்தால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சொந்தமாக ஒரு அனொட்டேஷன் எழுதி, அதைக் கிளாஸுக்கு உரியது என்று அறிவித்து, அந்த விதியைச் சோதிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்வேலிடேட்டர் ஒன்றை அதனுடன் இணைக்கிறோம். இப்போது அதன் இஸ்வேலிட் மெத்தடின் கைக்கு முழு ஒப்ஜெக்ட்டும் வருகிறது. நாட்டைப் பார், இலங்கை என்றால் அட்டை இலக்கத்தைத் தேடு, இல்லையென்றால் கடவுச்சீட்டைத் தேடு: சாதாரண இஃப்தான். அதோடு நிற்கவும் வேண்டாம். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். பிறந்த ஆண்டும் பாலும் அட்டையோடு ஒத்துப்போகின்றனவா என்று அதே மெத்தடிலேயே பார்த்துவிடலாம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டைக்குத் தனிக் கிளை வையுங்கள்.

பிழை வந்தால் அது முழு ஒப்ஜெக்ட்டின் பெயரில் பதிவாகும், எந்தப் பெட்டியைத் திருத்துவது என்று விருந்தினருக்குத் தெரியாது. இயல்பான பிழைச்செய்தியை நிறுத்திவிட்டு, அட்ப்ரொப்பர்ட்டிநோட் என்ற மெத்தட் மூலம் பிழையை உரிய ஃபீல்டின் தலையில் கட்டுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் தேவை என்றால் கிளாஸுக்குள் உண்மை அல்லது பொய் என்று விடை தரும் ஒரு பூலியன் மெத்தட் எழுதி, 'விடை உண்மையாக இருக்க வேண்டும்' என்று சொல்லும் @அசேர்ட்ட்ரூ போட்டாலே போதும். பெயர் மட்டும் 'இஸ்' அல்லது 'கெட்' என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வேலிடேட்டர் அதை ஒரு ப்ரொப்பர்ட்டியாகவே எடுக்காது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.