ஹேண்டில் கோணலா இருந்தா முதல்ல ஹேண்டிலைத் தொடாதீங்க

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் அந்தத் தம்பி வந்தான். சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். பத்து நாளைக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு 150 சிசி வண்டி எடுத்திருக்கிறான். பின் பிரேக் ஷூ மாத்தணும் என்றுதான் வந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முன் வீல் நேராக என் பட்டறையைப் பார்க்கிறது, ஹேண்டில் இடது பக்கத்து டீக்கடையைப் பார்க்கிறது.

"தம்பி, ஹேண்டில் கோணலா இருக்கே, தெரியுமா?"

"அப்படியாண்ணா? எனக்கு நேராத்தானே தெரியுது."

பொய் சொல்லவில்லை அவன். கோணல் வண்டியை நாலு நாள் ஓட்டினால் உடம்பு அதற்குப் பழகிவிடும், கண்ணும் பழகிவிடும். வலது தோள்பட்டை மட்டும் ராத்திரியில் வலிக்கிறது, பை மாட்டுவதால் இருக்கும் என்றான். பை இரண்டு தோளிலும்தானே மாட்டுகிறாய் என்று கேட்டேன். ஹேண்டில் இடது பக்கம் திரும்பியிருந்தால் வலது கிரிப் முன்னே போய்விடும். தினமும் பத்து மணி நேரம் வலது கையை எட்டிப் பிடித்து ஓட்டினால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

சென்னையில் பெரம்பூர் பக்கம் பட்டறை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற கோளாறுகளில் இது ஒன்று. அதிகம் தப்பாகச் சரி செய்யப்படுவதும் இதுதான். ஹேண்டில் கோணலாக இருக்கிறதே, ஹேண்டிலை மாற்று என்று சொல்லிவிடுகிறார்கள். புது ஹேண்டில் போட்டாலும் அதே கோணல் அப்படியே நிற்கும். ஏனென்றால் முக்கால்வாசி நேரம் கோணல் ஹேண்டிலில் இல்லை.

முன் வீலைப் பிடித்திருப்பது இரண்டு ஃபோர்க் குழாய்கள். அந்த இரண்டையும் மேலே ஒரு கிளாம்ப், கீழே ஒரு கிளாம்ப் கவ்விப் பிடித்திருக்கிறது; பட்டறையில் அதை டி என்போம். ஹேண்டில் உட்கார்ந்திருப்பது மேல் டி மேல். வண்டி சிக்னலில் சறுக்கி விழுகிறது என்று வையுங்கள், அல்லது ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒரு வண்டி சாய்ந்து வரிசையாகப் பத்து வண்டி விழுகிறது. ஹேண்டில் முனை தரையில் மோதுகிறது, வீல் வேறு எங்கோ இடிக்கிறது. ஃபோர்க் குழாய்கள் டிக்குள் ஒரு நூல் அளவு முறுக்கிக்கொண்டு, ஒன்று சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே என்று நின்றுவிடும். எதுவும் வளைந்திருக்காது, எதுவும் உடைந்திருக்காது. டி போல்ட்டின் இறுக்கமே அந்தக் கோணலைப் பிடித்து வைத்திருக்கும். கயிற்றுக் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்குமே, நாலு காலும் நன்றாக இருக்கும், சட்டம் மட்டும் கோணியிருக்கும், அதே கதைதான்.

இதற்கு உதிரி பாகம் எதுவும் வாங்க வேண்டாம். அரை மணி நேர வேலை. ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். நிறையப் பேர் செய்வது என்ன? முன் வீலை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். ஒரு போல்ட்டும் தளர்த்தியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு நேராகும். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பழையபடி திரும்பிவிடும்.

நான் செய்வது இப்படி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து முன் வீலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவேன். பிறகு ஆக்சில் நட், மட்கார்டு போல்ட்டுகள், கீழ் டி போல்ட், மேல் டி போல்ட், மேல் டி நடுவில் இருக்கும் பெரிய நட் எல்லாவற்றையும் தளர்த்துவேன். தளர்த்துவது என்றால் கழற்றுவது இல்லை, கால் சுற்றுதான். டி போல்ட்டை முழுசாக லூஸ் பண்ணினால் ஃபோர்க் குழாய் நழுவி இறங்கிவிடும். மட்கார்டு போல்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஃபோர்க்கையும் கீழே சேர்த்துக் கட்டியிருப்பது மட்கார்டுதான், அதைத் தளர்த்தாமல் மேலே என்ன திருகினாலும் அது பழைய இடத்துக்கே இழுக்கும்.

எல்லாம் தளர்ந்ததும் வீலை முட்டியில் இடுக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப வேண்டும். வெட்டு வேண்டாம். பத்து அடி தள்ளிப் போய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஃபோர்க்கும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும், மட்கார்டின் நடுக்கோடும் ஹேண்டில் கிளாம்புகளின் நடுவும் ஒரே நேரில் வர வேண்டும். வந்ததும் கீழ் டியை இறுக்கி, நடு நட்டை இறுக்கி, மேல் டியை இறுக்குவேன். வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை ஃபோர்க்கை நன்றாக அமுக்கி விடுவேன். அதற்குப் பிறகுதான் ஆக்சிலும் மட்கார்டும். ஆக்சிலை முன்னாலேயே இறுக்கிவிட்டால் ஃபோர்க் தன் இடத்தில் உட்காராமல், ஒரு பக்கம் உரசி ஆயில் சீல் போகும்.

எவ்வளவு இறுக்குவது என்பது அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் கொடுங்கள். கீழ் டி போல்ட்டை முழங்கை பலத்தில் இறுக்கி, அலுமினிய டியையே விரிசல் விட வைத்த வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. 125 சிசிக்கு மேலான வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம், அதனால் அந்த வண்டிகளில் முன் வீல் பக்கத்தில் ஒரு சென்சாரும் ஒயரும் போகும். வீலைத் திருகும்போது அந்த ஒயர் எங்கேயும் மாட்டாமல் ஒரு கண் இருக்கட்டும்.

இனி, ஹேண்டில் குழாயே வளைந்த கேஸ். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டி மேல் உட்கார்ந்து இரண்டு கிரிப் முனையும் ஒரே உயரத்தில், பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்தாலே போதும். வீல் நேராக, ஃபோர்க் நேராக, ஒரு கிரிப் மட்டும் தாழ்ந்து இருந்தால் குழாய் வளைந்திருக்கிறது. சில வண்டிகளில் ஹேண்டில் கிளாம்ப் ரப்பர் புஷ் மேல் நிற்கும். புஷ் நைந்தாலும் கீழே இருக்கும் போல்ட் வளைந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அதையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

வளைந்த ஹேண்டிலை நிமிர்த்தாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் வளைந்த ஹேண்டிலுக்குள் ஜிஐ பைப் நுழைத்து நெம்பி நேராக்குவதுதான் எங்கள் பட்டறை வழக்கம். எங்கள் தெருப் பால்காரர் வண்டிக்கு அப்படித்தான் நிமிர்த்திக் கொடுத்தேன். காசு மிச்சமாச்சு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். இரண்டு மாசம் கழித்து, விடியற்காலையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்க ஹேண்டிலைப் பிடித்து இழுத்திருக்கிறார், இடது பாதி கையோடு வந்துவிட்டது. கிளட்ச் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் துண்டை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். திட்டவில்லை. "ஓட்டிட்டுப் போறப்போ வந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். உடைந்த வாயைப் பார்த்தேன். பாதி வட்டம் பழைய துரு, பாதி வட்டம் பளபளப்பு. அதாவது பாதி எப்போதோ உடைந்துவிட்டது, மிச்சப் பாதியில்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரும்புக் குழாயை ஒரு தரம் மடக்கி, மறு தரம் நிமிர்த்தினால் அந்த இடம் கெட்டிப்பட்டு உடையக்கூடியதாகிவிடும். மேலே குரோம் வெடிக்கும், அந்த வெடிப்பில் ஈரம் இறங்கும். நம்ம ஊரில் கடல் காற்று வேறு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்திலேயே நின்ற வண்டிகளில் கிரிப் முனையிலிருக்கும் வெயிட்டைக் கழற்றி ஹேண்டிலைக் கவிழ்த்தால் துருப்பொடி கொட்டும். வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். ஸ்போர்ட்ஸ் மாடல்களில் ஃபோர்க் குழாயைக் கவ்விக்கொண்டு தனித்தனியாக நிற்கும் வார்ப்பு அலுமினிய ஹேண்டில் வளையவே செய்யாது, விரிசல் விடும். அதைச் சூடு பண்ணி நிமிர்த்தித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போல்ட் எல்லாம் தளர்த்தித் திருப்பியும் நேராகவில்லை, அல்லது ஒரு ஃபோர்க்கில் மட்டும் ஆயில் கசிகிறது, அமுக்கினால் பாதியில் பிடிக்கிறது என்றால் ஃபோர்க் குழாயோ டியோ வளைந்திருக்கலாம். நான் குழாயைக் கழற்றித் துடைத்து, கண்ணாடிக் கடையில் வாங்கி வைத்திருக்கும் தடித்த கண்ணாடித் துண்டு மேல் உருட்டிப் பார்ப்பேன். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். அளவு தெரிய வேண்டும் என்றால் லேத்துக்காரரிடம் டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். பல மேனுவல்கள் அனுமதிப்பது 0.2 மில்லிமீட்டர்தான். லேத்தில் நிமிர்த்தித் தருவார்கள். ரொம்பச் சின்ன வளைவுக்கு நானும் கொடுத்ததுண்டு. கண்ணுக்கே தெரிகிற வளைவுக்குப் புதுக் குழாய்தான். டியை ஒருபோதும் நிமிர்த்துவதில்லை.

புதுப்பேட்டை பழைய உதிரி பாகக் கடைகளில் பழசு வாங்கலாமா என்று கேட்பார்கள். லீவர், இண்டிகேட்டர், மட்கார்டு எல்லாம் நானே அங்கே வாங்குகிறேன். ஆனால் டியும் ஃபோர்க்கும் பழசில் வேண்டாம். உடைத்து விற்கிற வண்டியில் பாதி அடிபட்ட வண்டி, அடியை முதலில் வாங்கியதே அந்த டிதான்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறீர்களா? பெயர் மாற்றுகிற படிவம் 29, 30 கையெழுத்துக்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கீழ் டி எங்கே இடித்து நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். சேசிஸில் ஒரு சின்ன இரும்பு மொட்டு இருக்கும். அது நசுங்கியோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தோ இருந்தால் வண்டி நன்றாக அடி வாங்கியிருக்கிறது. அதே இடத்தில் கழுத்துப் பக்கம் பெயின்ட் சுருங்கியிருந்தால், புது வெல்டிங் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் கோணலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

பிறகு முன் வீலைத் தூக்கச் சொல்லி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் வந்ததும் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. உள்ளே குண்டுகள் பதிந்து குழி விழுந்திருக்கும். சொரசொரவென்று திரும்பினால் தண்ணீர் போயிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ஹேண்டில் வரை முங்கிய வண்டிகளில் இன்ஜினைப் பிரித்துச் சரி பண்ணினார்கள், கோன் செட்டுக்கு கிரீஸ் வைக்க முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வரவில்லை.

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றால் உடனே ஹேண்டிலைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் வடிய ரோடே ஓரத்தைப் பார்த்துச் சரிந்துதான் இருக்கும். டயர் காற்றைப் பாருங்கள். பின் வீல் செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பின் டயரைச் சுற்றி ஒரு நூல் கட்டி, இரண்டு முனையையும் முன் டயர் வரை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முன் டயருக்கு இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருந்தால் சரி.

ஸ்கூட்டர் கதை வேறு. அதில் ஹேண்டில் தண்டை ஒரே போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். அது பாட்டுக்குத் திரும்பிக்கொண்டால் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தத் தம்பி வண்டியில் எதுவும் வளையவில்லை, வெறும் முறுக்குதான். பிரேக் ஷூவும் மாற்றி, ஹேண்டிலும் நேராக்கி, தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வந்தவன் முகம் சுருங்கியிருந்தது.

"அண்ணா, முன்னாடி நல்லா இருந்துது. இப்பதான் லெஃப்ட்ல இழுக்குது."

நாலு நாள் ஓட்டிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம் என்று அனுப்பினேன். அஞ்சாம் நாள் வந்தான். தோள்வலி பற்றிக் கேட்டேன், அது எப்போ போச்சு என்றே தெரியலை என்றான். வந்த விஷயம் வேறு. "வலது கண்ணாடியில என் தோள்தான் தெரியுது, இடது கண்ணாடியில கடை போர்டுதாண்ணா தெரியுது." கோணல் ஹேண்டிலுக்கு ஏற்ற மாதிரி முந்தின ஓனரோ இவனோ கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்திருக்கிறார்கள். அவனைச் சீட்டில் உட்கார வைத்து, ஸ்பேனரால் இரண்டையும் தளர்த்தி, பின்னால் என் ஸ்டூல் தெரிகிற வரைக்கும் திருப்பி இறுக்கிக் கொடுத்தேன்.