டூயோ: இரட்டையரா, இணையரா, இருவரா?

இரண்டே பேர் கொண்ட இசைக்குழுவைக் குறிக்கும் 'டூயோ' என்ற சொல்லைத் தமிழில் எழுதவேண்டி வந்தால் கை தானாகவே 'இரட்டையர்' என்பதில் போய் நிற்கும். எனக்கும் அப்படித்தான். 'லே ரீட்டா மிட்ஸூகோ' என்ற பாப்-ராக் குழுவைப் பற்றி நண்பர் ஒருவருக்கு எழுதும்போது 'பிரெஞ்சு இரட்டையர்' என்று போட்டுவிட்டேன். "ஒரே பிரசவமா?" என்று பதில் வந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. இரட்டையர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒன்றாகப் பிறந்த பிள்ளைகள், அப்புறம் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் 'இரட்டையர் பிரிவு'. இசையமைப்பாளர் ஜோடிகளுக்கும் இயக்குநர் ஜோடிகளுக்கும் அதே சொல்லைத்தான் சினிமாப் பத்திரிகைகள் வைத்துக்கொண்டன. நான் சொன்ன இந்த இருவரோ கத்ரீன் ரேன்ஜேர் என்ற பாடகியும் ஃபிரெட் ஷிஷேன் என்ற கிட்டார் கலைஞரும். 1979-இல் ஒரு இசை நாடகத்தில் சந்தித்து, சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகளும் பெற்றவர்கள்.

முதலில் சொல்லின் ஊர் எது என்று பார்த்துவிடுவோம். லத்தீனில் 'துவோ' என்றால் இரண்டு, அவ்வளவுதான். வடமொழி 'த்வி', இந்தி 'தோ', ஆங்கில 'டூ' எல்லாம் ஒரே குடும்பம். இத்தாலியர்கள் அதை இசைக்குள் கொண்டுவந்து, இரண்டு குரலுக்கோ இரண்டு கருவிக்கோ எழுதிய பாட்டை 'துவோ' என்றார்கள். அதைச் செல்லமாகச் சுருக்கியதுதான் 'துவெட்டோ'. அது ஆங்கிலத்துக்குப் போய் 'டூயட்' ஆகி, அங்கிருந்து நம் சினிமாவுக்கு வந்ததும் வேட்டி கட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் டூயட் என்றால் நாயகனும் நாயகியும் மரத்தைச் சுற்றுவதுதான். அண்ணன் தங்கை சேர்ந்து பாடினால் அதை யாரும் டூயட் என்பதில்லை. ஆங்கிலத்தில் பாட்டுக்கு டூயட், ஆட்களுக்கு டூயோ என்று பிரித்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் பாட்டுக்கும் ஆட்களுக்கும் 'டூயோ' ஒன்றே போதும்.

இந்தக் குழுவின் பெயரிலேயே ஒருமை-பன்மை வழக்கு ஒன்று இருக்கிறது, அதனால்தான் இவர்களை எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் பெயர் வெறும் 'ரீட்டா மிட்ஸூகோ'. ரீட்டா என்பது மார்கரீட்டாவின் வால். மிட்ஸூகோ என்பது கெர்லேன் என்ற பிரெஞ்சு வாசனைத் திரவிய நிறுவனம் 1919-இல் விற்பனைக்கு விட்ட வாசனைத் திரவியம், அதற்கே ஒரு பிரெஞ்சு நாவலில் வரும் ஜப்பானியப் பெண்ணின் பெயரைத்தான் வைத்தார்கள். ஜப்பானியப் பெண் பெயர்களின் கடைசியில் வரும் 'கோ' என்பதற்குக் குழந்தை என்று பொருள். ஆக லத்தீன் நாட்டுப் பெண் பெயர் ஒன்று, ஜப்பானிய வாசனை ஒன்று, ஒட்டினால் ஒரு ஆள் பெயர் மாதிரியே இருக்கிறது. ஜனங்கள் பாடகியின் பெயரே ரீட்டா மிட்ஸூகோ என்று நினைத்துக்கொண்டார்கள். ஷிஷேன் பாவம், பின்னால் கிட்டார் வாசிக்கும் யாரோ ஒருவர். இதைச் சரிசெய்யத்தான் முன்னால் 'லே' சேர்த்தார்கள். (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், இது வேறு 'லே'.) பிரெஞ்சில் அது பெயருக்கு முன்னால் நின்று பன்மையைக் காட்டும் சின்னச் சொல். நாம் சொல்லின் பின்னால் 'அர்', 'கள்' என்று ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். அந்த ஒற்றை அசையால் ஒரு பெண் இரண்டு பேர் ஆனார்.

1984-இல் வந்த முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தவர் கோனி பிளாங்க், கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக்குழுவின் ஆரம்பகால இசையில் பங்குள்ள ஜெர்மானியர். அதிலிருந்த 'மார்சியா பைலா' அடுத்த ஆண்டு பிரான்ஸையே ஆடவைத்தது. மார்சியா மொரெத்தோ அர்ஜென்டினா நடனக்காரர், ரேன்ஜேருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர், 1981-இல் புற்றுநோயில் இறந்தவர். பாட்டு அவருக்கான ஒப்பாரி. ஆனால் தாளம் கோடைத் திருவிழாத் தாளம், இன்றைக்கும் கல்யாண விருந்துகளில் போட்டால் வரிகளைக் கவனிக்காமல் ஆடுபவர்கள்தான் அதிகம். 'பைலா' என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைக்காரர்களுக்குக் காது நிமிர்ந்திருக்கும். நிமிரவேண்டியதுதான். ஸ்பானிய மொழியில் 'ஆடு', 'ஆடுகிறாள்' என்பதற்கு 'பைலா'. அதன் போர்த்துக்கீசிய உறவுதான் கடலோரமாக வந்து இலங்கையில் பைலா பாட்டாகக் குடியேறியது. பாரிஸ் டிஸ்கோவிலும் நீர்கொழும்புக் கல்யாண வீட்டிலும் ஒரே லத்தீன் வேர்ச்சொல்லுக்கு ஆடுகிறார்கள்.

துக்கத்தைத் துள்ளலில் ஒளித்துவைப்பது இவர்களுக்குக் கைவந்த கலை. 1988-இல் வந்த 'குட்டி ரயில்' பாட்டைக் குழந்தைப் பாட்டு என்றே நினைக்கத் தோன்றும், அந்த ரயில் போவது நாஜி வதைமுகாமுக்கு. ரேன்ஜேரின் அப்பா போலந்து யூதர், ஓவியர், அவுஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்டவர். அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தில் ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கக் குழுவும் கூடச் சேர்ந்தது. அவர்கள் அண்ணன் தம்பி இருவர், அதுவும் டூயோதான்!

நடுவில் 1986 ஆல்பத்துக்கு ஆங்கில ராக் பாடகர் டேவிட் போவியின் இசைத் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி வந்தார். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் கோதார் 1987-இல் வெளியிட்ட படமொன்றில் இவர்கள் வீட்டு ஸ்டூடியோவில் பாட்டு உருவாவதைப் பார்க்கலாம்: ஒரே துண்டை மறுபடி மறுபடி வாசிக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், வேறு மாதிரி பாடிப் பார்க்கிறார்கள். நமக்கு இரட்டைப் புலவர்கள் ஞாபகம் வரும். ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டடியைச் சொல்ல மற்றவர் மீதியை முடிப்பார். பார்வையில்லாதவர் நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்தார் என்பது கதை. பாதி உன்னுடையது பாதி என்னுடையது என்ற அந்த வேலைமுறைக்கு 'இரட்டை' சரியாகவே பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, எந்தச் சொல்லைத்தான் எழுதுவது? 'இணையர்' அழகான சொல். ஆனால் இப்போது வாழ்க்கைத்துணை என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ரேன்ஜேருக்கும் ஷிஷேனுக்கும் பொருந்தும், ஸ்பார்க்ஸ் சகோதரர்களுக்கு வைத்தால் விபரீதம். 'ஜோடி' என்றால் மறுபடி மரத்தைச் சுற்றவேண்டும். என் ஓட்டு 'இருவர்' என்பதற்கே. புதிதாகச் செய்த சொல்லும் இல்லை. தேவாரம் பாடியவர்களை மூவர் என்கிறோம். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் தமிழிசை மூவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறப்புகள் தஞ்சை நால்வர். டிரியோவுக்கும் குவார்ட்டெட்டுக்கும் சொல் தயாராக இருக்க, டூயோவுக்கு மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? பாரிஸ் இருவர், பாப்-ராக் இருவர் என்று தாராளமாக எழுதலாம். பாட்டைக் குறிக்கவேண்டுமானால் 'இருகுரல் பாடல்'. தலைப்பில் 'இருவர்' மொட்டையாக இருக்கிறது என்று தோன்றினால் 'இருவர் குழு' என்று போடுங்கள், தப்பில்லை.

ஷிஷேன் 2007 நவம்பர் 28 அன்று புற்றுநோயில் இறந்தார், வயது 53. அந்த ஆண்டுதான் அவர்களுடைய கடைசி ஆல்பம் வெளியாகியிருந்தது. ரேன்ஜேர் அதன்பிறகும் மேடையேறினார், தனி ஆல்பம் போட்டார், 2019-இல் பழைய பாட்டுகளோடு மறுபடி ஊர் ஊராகப் போனார். ஆனால் சுவரொட்டியில் வெறும் குழுப் பெயரை மட்டும் போட்டுவிடவில்லை. 'கத்ரீன் ரேன்ஜேர் லே ரீட்டா மிட்ஸூகோவைப் பாடுகிறார்' என்று போட்டார். பாடுபவர் ஒருமை, பாடப்படுவது பன்மை, அந்த 'லே' இருந்த இடத்திலேயே இருந்தது.