எடிட்டரைத் தயார் செய்வது புதியவரின் வேலை இல்லை

பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் புதிதாகப் பங்களிக்க வருபவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். அவர்கள் கேட்கும் முதல் சந்தேகம் நிரலைப் பற்றியதாக இருப்பது அபூர்வம். "கோப்பைத் திறந்ததும் எல்லா வரியும் சிவப்பாக இருக்கிறது, நான் எதைக் கெடுத்துவிட்டேன்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவர்கள் எதையும் கெடுக்கவில்லை. அந்தத் திட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நிரலைத் திறந்து எழுதும் எடிட்டருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்கத் துணிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதில் கிடைக்கிறது. கேட்கத் தயங்குகிறவர்கள் இது நமக்கு வராது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எடிட்டர் அமைப்பை ஒரே கட்டளையில் தயார் செய்து கொடுப்பது திட்டத்தின் பொறுப்பு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சிவப்புக் கோடு எங்கிருந்து வருகிறது? இன்றைய எடிட்டர்கள் பலவும் நிரல்மொழியைத் தாங்களே அலசுவதில்லை. லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரலிடம் கேட்டுக்கொள்கின்றன. 2016-இல் மைக்ரோசாஃப்ட் இதற்கான பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, ஒரே சர்வரை விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ் எல்லாவற்றிலும் பயன்படுத்த முடிகிறது. சி, சி++ மொழிகளுக்கு இன்று பரவலாக இருக்கும் லாங்குவேஜ் சர்வர் கிளாங்டி. ஒவ்வொரு கோப்பும் எந்தெந்த ஃபிளாக்குகளோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பங்கள்) கம்பைல் ஆகிறது, ஹெடர்கள் (மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகள்) எந்த அடைவில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வது 'கம்பைல் கமாண்ட்ஸ்' என்ற ஜேசான் கோப்பு. சீமேக் என்ற கருவியால் கட்டப்படும் சிறிய திட்டம் என்றால் ஒரு ஆப்ஷனை ஆன் செய்தால் அது தானாக உருவாகிவிடும். பெரிய திட்டங்களில் கதை வேறு.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலையே எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தக் கோப்பை உருவாக்கப் பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று கெர்னல் மூலத்தோடே வருகிறது. ஆனால் பில்ட் (மூலநிரலை இயங்கும் நிரலாகக் கட்டும் வேலை) நடக்கும்போது, கம்பைல் ஆகி வரும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்கும் பக்கத்தில் பதிவாகும் சிஎம்டி கோப்புகளைப் படித்துத்தான் அது பட்டியலைத் தயாரிக்கிறது. ஒருமுறை பில்ட் செய்யாமல் அதை ஓட்டினால் பட்டியலில் எதுவும் இருக்காது. சரி, பில்டும் செய்தாகிவிட்டது. ஜிசிசி என்ற கம்பைலர் கொண்டு செய்திருந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். ஜிசிசிக்கு மட்டுமே தெரிந்த சில ஃபிளாக்குகளும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். கிளாங்டிக்கு அவை புரியாது. கோப்பின் முதல் வரியிலேயே 'தெரியாத ஆர்க்யுமென்ட்' என்று பிழை காட்டும். எந்தெந்த ஃபிளாக்குகளை நீக்க வேண்டும் என்று கிளாங்டியின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் பிழை போய்விடும். கிளாங்டியின் உறவான கிளாங் கம்பைலர் கொண்டே பில்ட் செய்தாலும் சரியாகிவிடும். விஷயம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. கெர்னலை முதன்முதலில் திறப்பவருக்கோ, பிழை தன் மாற்றத்தில் இருக்கிறதா, கம்பைலரில் இருக்கிறதா, எடிட்டரில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவே வழி இல்லை.

கிளாங் கம்பைலரை உள்ளடக்கிய எல்எல்விஎம் திட்டத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அங்கே பல ஹெடர்களை டேபிள்ஜென் என்ற கருவி பில்டின்போதுதான் எழுதுகிறது. கம்பைல் பட்டியல் சரியாக இருந்தாலும் அந்த ஹெடர்கள் இன்னும் உருவாகியிருக்காவிட்டால் எடிட்டர் 'கோப்பு இல்லை' என்றே சொல்லும். பட்டியலைக் கொடுத்ததோடு அமைப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நல்ல முன்மாதிரிகளும் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மூலநிரலில் 'மாக்' என்ற கருவிக்கு ஐடிஇ என்று ஒரு துணைக் கட்டளை உண்டு. விஎஸ் கோடுக்குத் தேவையானதை அதுவே தயார் செய்துவிடும். என் மனதுக்கு மிகவும் பிடித்தது ரஸ்ட் கம்பைலர் திட்டம் இதைக் கையாளும் விதம். 'எக்ஸ் செட்டப்' என்று ஓட்டினால், எடிட்டருக்கான அமைப்புக் கோப்பு வேண்டுமா என்று கேட்கும். முதலில் உள்ளடக்கத்தை மட்டும் காட்டு என்றாலும் காட்டும். திட்டம் இதற்கு முன்பு வெளியிட்ட பதிப்புகளின் ஹாஷ் மதிப்புகளும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றவை) அதனிடம் இருக்கின்றன. நம்மிடம் இருக்கும் கோப்பு அவற்றில் ஒன்றோடு பொருந்தினால், இது பழைய பதிப்பு, புதுப்பிக்கலாமா என்று கேட்கிறது. பொருந்தாவிட்டால் நாமே கைவைத்து மாற்றியிருக்கிறோம் என்று புரிந்துகொள்கிறது; நாம் சம்மதித்தால்கூடப் பழையதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றுகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பரிந்துரைக்கும் அமைப்பில் ரஸ்ட் மொழியின் லாங்குவேஜ் சர்வரான ரஸ்ட் அனலைசருக்குத் தனி பில்ட் அடைவு கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எடிட்டர் பின்னணியில் ஓட்டும் சரிபார்ப்பும் நாம் டெர்மினலில் ஓட்டும் பில்டும் ஒரே பூட்டுக்காக ஒன்றையொன்று காத்துக் கிடக்கும். இப்படி ஒரு விஷயம் அந்தத் திட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களே அதை ஸ்கிரிப்டில் எழுதிவைத்தால் பின்னால் வரும் யாரும் அதைக் கண்டுபிடிக்கத் திணற வேண்டியதில்லை.

தானியங்கி அமைப்பு என்ற பெயரில் கெடுதலும் நடக்கும், அதையும் சொல்லியாக வேண்டும். சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்யும் (இடைவெளி, வரி அமைப்பைச் சீராக்கும்) வசதியைப் பொது அமைப்பில் ஆன் செய்து வைப்பது அப்படிப்பட்டது. ஒருவர் மூன்று வரி திருத்துவார், திட்டத்துக்கு அனுப்பும் மாற்றமான பேட்சில் முந்நூறு வரி மாறியிருக்கும். அதைப் பார்வையிடுபவர் எரிச்சலாகிறார், புதியவருக்குக் காரணமே தெரிவதில்லை. கெர்னல் மூலத்தில், எடிட்டர்களுக்குப் பொதுவான விதிகளைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு சேர்க்கப்பட்டபோது, வரியின் கடைசியில் இருக்கும் வீண் இடைவெளிகளை நீக்கும் விதியும் அதில் இருந்தது. சில எடிட்டர்கள் நாம் தொட்ட வரிகளை மட்டுமல்லாமல் கோப்பு முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்பியதால், 2024-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் வைத்த ஒற்றை வரிக்கே இந்த விளைவு. விஎஸ் கோடில் மாற்றிய வரிகளை மட்டும் ஃபார்மேட் செய்யும் முறை இருக்கிறது. பழைய திட்டங்களுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். எழுத்துரு, நிறம், கீபோர்டு குறுக்குவழி இவற்றில் திட்டம் தலையிடவே கூடாது. அவை அவரவர் விருப்பம்.

அப்புறம் பாதுகாப்பு. விஎஸ் கோடின் டாஸ்க் கோப்பில், ஃபோல்டரைத் திறந்ததும் ஒரு கட்டளை தானே ஓட வேண்டும் என்று எழுதி வைக்க முடியும். முன்பின் தெரியாத ரெப்போவை (திட்டத்தின் மூலநிரல் களஞ்சியம்) குளோன் செய்து, அதாவது நகலெடுத்து, நிரலைப் படிக்கத் திறந்தாலே நம் கணினியில் ஏதோ ஒன்று ஓடலாம் என்று இதற்கு அர்த்தம். இது போன்ற ஆபத்துகளுக்காகத்தான் 2021-இல் விஎஸ் கோடில் 'வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட்' என்ற வசதி வந்தது. இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று அது கேட்கும்போது, படிக்காமலே சம்மதம் சொல்லிப் பழகிவிடாதீர்கள். நம்பவில்லை என்று சொன்னால் வரும் கட்டுப்பாட்டு முறையிலேயே கோப்புகளைத் தாராளமாகப் படிக்கலாம். திட்டத்தை நடத்துபவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது: தானாக ஓடும் டாஸ்க்குகளை ரெப்போவில் வைக்காதீர்கள். பயனர் டெர்மினலில் தானே தட்டச்சு செய்து ஓட்டும் கட்டளையாக இருக்கட்டும். என்ன நடக்கப்போகிறது என்பதை ஓட்டுவதற்கு முன்பே அவரால் திறந்து படிக்க முடியும்.

பெரிய திட்டங்களில் எடிட்டர் திணறுவதும் உண்டு. பில்ட் அடைவில் குவியும் கோப்புகளையெல்லாம் கண்காணிக்கப் போய், லினக்ஸில் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபையின் வரம்பைத் தாண்டிவிடும். அந்த அடைவைக் கண்காணிப்பிலிருந்தும் தேடலிலிருந்தும் விலக்கும் வரிகள் பொது அமைப்பில் அவசியம் இருக்க வேண்டும். கிளாங்டி முதன்முறை இன்டெக்ஸ் போடும்போது மெமரியையும் நிறையவே எடுத்துக்கொள்ளும். குறைந்த ரேம் உள்ள மடிக்கணினிக்காரர்களை நினைத்து, எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதற்கு வரம்பு வைத்துக் கொடுங்கள்.

உருவான கம்பைல் பட்டியலை மட்டும் ரெப்போவில் கமிட் செய்ய வேண்டாம். பொதுவாக அதில் இருப்பது உருவாக்கியவர் கணினியின் முழுப் பாதைகள், இன்னொருவருக்கு உதவாது. உருவாக்கும் ஸ்கிரிப்ட்தான் ரெப்போவில் இருக்க வேண்டியது.

அந்த ஸ்கிரிப்டும் கவனிக்க ஆளில்லாவிட்டால் கெட்டுப்போகும். பில்ட் முறையை யாரோ மாற்றுவார்கள், பழைய பங்களிப்பாளர்களிடம் பழைய பட்டியல் இருப்பதால் அவர்களுக்கு எதுவும் தெரியாது, அடுத்து வரும் புதியவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார். கிளாங்டியில் 'செக்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால், எடிட்டரே இல்லாமல் அதை அலசி, பிழை வந்தால் தோல்வி என்று சொல்லும். மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐயில் எதுவும் இல்லாத புதிய குளோன் ஒன்றை எடுத்து, அமைப்புக் கட்டளையை ஓட்டி, முக்கியமான நாலைந்து கோப்புகளை இதில் சோதித்துப் பாருங்கள். பில்டின்போது உருவாகும் ஹெடரைச் சேர்த்துக்கொள்ளும் கோப்பு ஒன்றாவது அதில் இருக்கட்டும்.