விமானத்தின் ‘நாண்’: எம்.ஏ.சி என்றால் என்ன?

விமானத்தின் எடைத்தாளில் ‘புவியீர்ப்பு மையம் 32.5% எம்.ஏ.சி’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். புவியீர்ப்பு மையம் என்பது விமானத்தின் மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி. எம்.ஏ.சி என்பது ‘மீன் ஏரோடைனமிக் கோட்’ (mean aerodynamic chord). இதில் வருகிற கோட், இசைக்காரர் சொல்கிற கோட் இல்லை, அதற்கு வேர் வேறு. குடலையும் குடலை முறுக்கிச் செய்த நரம்பையும் குறித்த கிரேக்கச் சொல் ‘கோர்டே’, லத்தீன் வழியாகக் கணிதத்துக்கு வந்து வளைவின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் பெயராகிவிட்டது. சாதாரண தரத்தில் நாம் படித்த வட்டத்தின் நாண்தான் அது.

இறக்கையை, நம் ஊர்ப் பேச்சில் செட்டையை, குறுக்கே வெட்டினால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குப் போகும் நேர்கோடு நாண். ஆரம்பகால விமானங்களின் மெல்லிய வளைந்த இறக்கைக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள், நாணேற்றிய வில்லேதான்.

ஆனால் பெரும்பாலான இறக்கைகள் உடலருகே அகலமாகவும் நுனியில் ஒடுங்கியும் இருக்கும், அப்போது எந்த நாணை எடுப்பது? அந்த இறக்கையைப் போலவே காற்றில் நடந்துகொள்ளும் ஒரு செவ்வக இறக்கையைக் கற்பனை செய்து, அதன் நாணை எடுக்கிறார்கள். இரண்டு முனை அளவுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இது வராது, அதனால் ‘சராசரி நாண்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘இடைக் காற்றியக்க நாண்’ என்றால் நம் பாடநூல் வழக்கோடும் ஒத்துப்போகும்.

சரி, ஏன் வீதத்தில் சொல்ல வேண்டும்? மட்டக்களப்புக்கு வந்து போயிருக்கும் செஸ்னா கரவன் குடும்பத்தின் 208பி-ஐ எடுங்கள். அளவு தொடங்கும் குறிப்புக் கோட்டிலிருந்து 177.57 அங்குலத்தில் அதன் நாண் தொடங்குகிறது, நாணின் நீளம் 66.40 அங்குலம். மையம் 199.15-இல் இருந்தால், 177.57-ஐக் கழித்து 66.40-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 32.5% வரும். குறிப்புக் கோட்டைத் தயாரிப்பாளர் தனக்கு வசதியான இடத்தில் வைப்பதால் வெறும் அங்குலம் எதையும் சொல்லாது, வீதம் சொன்னால் மையம் இறக்கையில் எங்கே நிற்கிறது என்று உடனே தெரியும். முழு எடையில் அந்த விமானத்துக்கு முன் எல்லை இந்த 32.5%, பின் எல்லை 40.33%, இடையில் வெறும் 5.2 அங்குலம்! பின்னால் தாண்டினால் விமானம் நிலைகுலையும், முன்னால் தாண்டினால் இறங்கும்போது மூக்கைத் தூக்க முடியாமல் போகலாம். ஆட்களின் எடை பார்த்து இருக்கை ஒதுக்குவதும் பெட்டிகளை இடம் மாற்றி அடுக்குவதும் இதற்காகத்தான்.

தமிழில் எழுதும்போது ‘புவியீர்ப்பு மையம், இடைக் காற்றியக்க நாணின் 32.5 சதவீதத்தில்’ என்று எழுதலாம், அடுத்தடுத்த இடங்களில் ‘இடைநாண்’ போதும்.